காலர் மைக் வாங்கும் வரிசை: முதலில் ஜாக், பிறகு கேப்ஸ்யூல், கடைசியில் வயர்லெஸ்

காலர் மைக் என்பது பேசுபவரின் சட்டையில், நெஞ்சருகே குத்தும் சிறு மைக். கேமராவின் மேல் மாட்டிய மைக்குக்கும் பேசுபவரின் வாய்க்கும் நடுவே 2 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மைக்கை 25 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 18 டெசிபல் கூடும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் என்ற கணக்கு. அறையின் எதிரொலியும் ஏசி இரைச்சலும் ஏறக்குறைய இருந்த அளவிலேயே நிற்கும். காலர் மைக் நன்றாகக் கேட்பதற்கு முழுக் காரணம் இதுதான். எதிரொலிக்கும் அறையில், நெஞ்சில் குத்திய சாதாரண மைக் கேமரா மேல் இருக்கும் விலை உயர்ந்த மைக்கை மிஞ்சுவதும் இதனால்தான்.

ஆகவே பணத்தை எந்த வரிசையில் செலவிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பலர் எடுத்த எடுப்பில் வயர்லெஸ் செட்டைத் தேடுகிறார்கள். வயர்லெஸ் நடமாட வசதி தரும். ஒலியின் தரத்தைத் துளியும் கூட்டாது. எதில் செருகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து கேப்ஸ்யூலை, அதாவது ஒலியைப் பிடிக்கும் மைக் தலையைப் பாருங்கள். கேபிளோடு வேலை நடக்கவே நடக்காது என்றால் மட்டும் வயர்லெஸ்ஸுக்குப் போங்கள்.

எதில் செருகப் போகிறீர்கள்?

வாங்கிய மைக்கில் சத்தமே வரவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி மைக்கின் கோளாறு கிடையாது, ஜாக் பொருந்தாததுதான். 3.5 மி.மீ. பின் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு வகை உண்டு. உலோகத்தின் மேல் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் இருந்தால் டிஆர்எஸ், மூன்று இருந்தால் டிஆர்ஆர்எஸ்.

கேமராவின் மைக் துளை டிஆர்எஸ்ஸுக்கானது. மைக் சிக்னல் பின்னின் நுனியில் வர வேண்டும். ஃபோனின் ஹெட்செட் துளை டிஆர்ஆர்எஸ்ஸுக்கானது; இப்போது பரவலாக உள்ள அமைப்பில் நுனியும் அடுத்த உலோகப் பகுதியும் ஹெட்ஃபோனின் இடது வலது, மூன்றாவது பகுதி கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான தரை இணைப்பு), அடிப்பகுதிதான் மைக். ஃபோனுக்கான மைக்கை நேராகக் கேமராவில் செருகினால், மைக் சிக்னல் கேமராவின் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். ஒன்றும் கேட்காது, அல்லது ஈனமாக ஒரு ரீங்காரம் கேட்கும். கேமரா மைக்கை ஃபோனில் செருகினால் ஃபோன் அதை வெறும் ஹெட்ஃபோன் என்று நினைத்து, தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். இது இன்னும் ஆபத்து: சத்தம் வருவதால் தவறு நடந்ததே தெரியாது. மைக்கின் தலையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அந்தச் சுரண்டல் பதிவில் பெரிதாகக் கேட்டால்தான் காலர் மைக் வேலை செய்கிறது.

இதற்கான அடாப்டர் மலிவு, ஆனால் திசை மாறக் கூடாது. ரோட் நிறுவனத்தின் எஸ்சி3, ஃபோன் மைக்கைக் கேமராவில் செருக உதவுவது. எஸ்சி4 அதற்கு நேர் எதிர். வேறு நிறுவனத்தின் அடாப்டர் வாங்கும்போதும் எந்தப் பக்கம் துளை, எந்தப் பக்கம் பின், எதில் எத்தனை வளையம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

3.5 மி.மீ. துளையே இல்லாத ஃபோனுக்கு யூஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் சிப் உள்ளே இருக்கும். இன்னொன்றில் வெறும் கம்பி இணைப்பு மட்டும்தான், அது சில ஃபோன்களில் மட்டுமே வேலை செய்யும். சிப் உள்ளதிலும், மைக் உள்ளீடு உண்டு என்று தெளிவாக எழுதியிருப்பதையே எடுங்கள். பாட்டுக் கேட்க மட்டும் செய்த அடாப்டர்கள் ஏராளம். நேரடியாக யூஎஸ்பி-சி பின்னோடு வரும் காலர் மைக் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அந்த மைக்கைப் பயன்படுத்தவே முடியாது. நாளை கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால் 3.5 மி.மீ. மைக்கும் அடாப்டரும்தான் புத்திசாலித்தனம்.

அடுத்தது மின்சாரம். காலர் மைக்குகள் அநேகமாக எல்லாமே எலெக்ட்ரெட் கண்டென்சர் வகை. இயங்கச் சில வோல்ட் தேவை. ஃபோனும் பெரும்பாலான கேமராக்களும் அதை மைக் துளை வழியாகவே தந்துவிடும். இதற்குப் பிளக்-இன் பவர் என்று பெயர். சில கேமராக்களில் அது மெனுவில் அணைந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். கேமராவில் அந்த வசதியே இல்லை என்றால் தன் பேட்டரியில் ஓடும் மைக் வேண்டும். போயா பிஒய்-எம்1 அப்படிப்பட்டது: எல்ஆர்44 பட்டன் பேட்டரி, 6 மீட்டர் கேபிள், ஃபோனா கேமராவா என்று மாற்ற ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சைக் கேமரா பக்கமே விட்டுவிட்டுப் பையில் போட்டால் அடுத்த ஷூட்டுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். பின் வளையங்களுக்கு அடுத்தபடியாக இந்த வகை மைக்கில் சத்தம் வராமல் போக இதுவே காரணம்.

எக்ஸ்எல்ஆர் (தொழில்முறை மைக்குகளுக்கான 3 முனை) துளை உள்ள கேமராவிலோ ரெக்கார்டரிலோ 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம் இருக்கும். சாதாரண 3.5 மி.மீ. காலர் மைக்கை வெறும் கம்பி மாற்றியோடு அதில் மாட்டாதீர்கள். வோல்டேஜைக் குறைத்துத் தரும் மாற்றி வேண்டும். ரோட் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ் அந்த வேலையைச் செய்கிறது.

இன்னொரு சிறு விஷயம்: ஒலி இடது பக்கம் மட்டும் வந்தால் மைக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மோனோ மைக் ஸ்டீரியோ துளையில் அப்படித்தான் கேட்கும். எடிட்டிங்கில் அந்த டிராக்கை மோனோவாக மாற்றினால் நடுவுக்கு வந்துவிடும்.

கேப்ஸ்யூல்

எல்லாத் திசையிலிருந்தும் சமமாகக் கேட்கும் ஓம்னி வகையை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்ட் சத்தத்தைக் குறைக்கும் என்று தோன்றும். ஆனால் பேசுபவர் தலையைத் திருப்பினால் அதில் குரல் சட்டென்று மாறும், துணி உரசலும் காற்றும் மூச்சு மோதும் சத்தமும் அதிகம் விழும், மைக் சற்றுச் சாய்ந்தாலே குரல் மெலியும். ஸ்பீக்கர்கள் அலறும் மேடையில், ஃபீட்பேக்கை (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப விழுந்து எழும் ஊளையை) தவிர்க்க மட்டும் கார்டியாய்ட் நியாயமானது. வீடியோவுக்கு ஓம்னிதான்.

விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது, மைக்கின் சொந்த இரைச்சல். இது டெசிபல்-ஏ அளவில் 20-களில் இருந்தால் நல்லது. 30-க்கு மேல் போனால் அமைதியான அறையில் மெல்லப் பேசும் குரலுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் தெரியும். டிபிஏ 4060 மைக்குக்கு இது 23. சில நிறுவனங்கள் இதற்குப் பதில் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தைத் தருவார்கள். 94-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் சொந்த இரைச்சல் கிடைக்கும். 64 என்று இருந்தால் சொந்த இரைச்சல் 30. இரண்டாவது, மைக் தாங்கும் உச்ச ஒலி. சாதாரணப் பேச்சுக்கு 110 டெசிபல் போதும், கத்தி நடிப்பவருக்கும் பாடுபவருக்கும் 120-க்கு மேல் வேண்டும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்ற வரியை எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருப்பார்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தோடு என்று சொல்லாதவரை அந்த வரிக்கு மதிப்பில்லை.

எண்கள் சொல்லாத ஒன்று கேபிளின் தரம். மலிவான மைக்குகள் கேப்ஸ்யூல் கெட்டுச் சாவது அபூர்வம். பின்னுக்கு அருகில் கேபிள் முறிந்துதான் சாகின்றன. அந்த இடத்தில் நெகிழ்வான ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளைக் கையில் இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி வையுங்கள்.

கேபிளா, உடம்பில் ரெக்கார்டரா, வயர்லெஸ்ஸா?

உட்கார்ந்து பேசும் வீடியோ, பாடம், பேட்டி ஆகியவற்றுக்குக் கேபிள் போதும். அலைவரிசைக் குறுக்கீடு கிடையாது, சார்ஜ் தீராது, அதே பணத்துக்கு நல்ல கேப்ஸ்யூல் கிடைக்கும். கேபிளைச் சட்டைக்குள் விட்டு இடுப்பில் இறக்கி, நாற்காலிக் காலில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் யாராவது காலில் இழுத்தாலும் மைக் பிடுங்கிக்கொள்ளாது.

நடக்க வேண்டும் என்றாலும் உடனே வயர்லெஸ் தேவையில்லை. மைக்கை ஒரு ஃபோனில் செருகி, ஃபோனைப் பேசுபவரின் பையில் போட்டு, அதிலேயே பதிவு செய்யலாம். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நிற்கும், நெட்வொர்க் சிக்னலின் ‘டிட்-டிட்’ சத்தமும் மைக் கேபிளில் ஏறும். ஆப்பில் சுருக்கப்படாத வேவ் ஃபார்மட், 48 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். கேமராவும் தன் மைக்கில் பதிவு செய்யட்டும். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை பலமாகக் கை தட்டினால் எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்தலாம். நீண்ட பதிவுக்கு முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி செகண்ட் விலகும். நொடிக்கு 25 ஃப்ரேம் வீடியோவில் அது ஏறக்குறைய 2 ஃப்ரேம். உதடும் குரலும் பிசகுவதைக் கண் கண்டுபிடித்துவிடும். பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால் இந்தப் பிரச்சினை எழாது.

இதே யோசனையின் முதிர்ந்த வடிவம், இடுப்பில் மாட்டும் சிறு ரெக்கார்டர். டாஸ்காம் டிஆர்-10எல், ஜூம் எஃப்2 போன்றவை. எஃப்2 32-பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்வதால் கெயின் (பதிவின் ஒலி அளவு) வைக்கும் வேலையே இல்லை. கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே பதிவில் பிழைக்கும். ஆனால் கேப்ஸ்யூலே தாங்காத சத்தத்தை 32-பிட்டாலும் மீட்க முடியாது. திருமணம், நாடகம், கூட்ட நெரிசல் என்று அலைவரிசை குழம்பும் இடங்களில் இவை வயர்லெஸ்ஸைவிட நம்பகமானவை. குறை ஒன்றுதான்: பதிவாகும்போது உங்களால் கேட்க முடியாது.

வயர்லெஸ்ஸில் இன்று அதிகம் விற்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடும் அதே பாதை. பெட்டியில் 200 மீட்டர் என்று போட்டிருப்பது, நடுவில் தடையே இல்லாத திறந்தவெளிக் கணக்கு. இந்த அலைகளை மனித உடம்பு நன்றாக உறிஞ்சும். பேசுபவரிடமிருந்து ஒலியை அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்மிட்டரை முதுகுப் பக்கம் மாட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்து நின்றால், அந்த 200 மீட்டர் சில நூறு கைபேசிகள் உள்ள அரங்கில் பத்து மீட்டருக்கும் கீழே இறங்கிவிடலாம். டிரான்ஸ்மிட்டர் எப்போதும் கேமரா பக்கம் இருக்கும் ரிசீவரை, அதாவது ஒலியை வாங்கும் பெட்டியைப் பார்த்திருக்கட்டும். கேமரா ரொம்ப தூரத்தில் இருந்தால் ரிசீவரையும் ஒரு சிறு ரெக்கார்டரையும் பேசுபவருக்கு அருகில் வைத்துவிடுங்கள்.

செட் வாங்கும்போது இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: டிரான்ஸ்மிட்டரிலேயே பதிவாகும் வசதி, வெளி மைக் செருக 3.5 மி.மீ. துளை, ரிசீவரில் ஹெட்ஃபோன் துளை. முதலாவதை விட்டுக்கொடுக்காதீர்கள், சிக்னல் அறுந்த இடத்தில் உள்பதிவு காப்பாற்றும். ரோட் வயர்லெஸ் கோ இரண்டாம் தலைமுறையில் இது உண்டு. வயர்லெஸ் புரோ, டிஜேஐ மைக் 2 ஆகியவற்றில் அந்த உள்பதிவு 32-பிட் ஃப்ளோட். இரண்டாவது வசதி, செட்டை நாளை மேம்படுத்த வழி. சட்டையில் தெரியும் அந்தப் பெட்டியைப் பைக்குள் மறைத்து, நல்ல காலர் மைக்கை அதில் மாட்டிக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள். குரலின் ஓரங்களை அரித்துவிட்டால் பிறகு எடிட்டிங்கில் திரும்பாது; நீக்கும் வேலையை எடிட்டிங்கில் அளவோடு செய்யலாம்.

ரிசீவரே இல்லாமல் ஃபோனோடு நேரடியாக ப்ளூடூத் ஹெட்செட் போல இணையும் மலிவு மைக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். ஹெட்செட் முறையில் ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில்தான் போகும், அதாவது தொலைபேசிக் குரல். தாமதமும் கண்ணுக்குத் தெரியும்.

தொழிலாகச் செய்பவர்களுக்கு சென்ஹைசர், சோனி, ஷூர் போன்றோரின் யூஎச்எஃப் செட்டுகள், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைவரிசையில் ஓடுபவை உண்டு. உடம்பையும் சுவரையும் இவை இன்னும் நன்றாகக் கடக்கும், பேட்டரியைப் பாதியில் மாற்றலாம். வாங்குமுன் உங்கள் நாட்டில் எந்த அலைவரிசை அனுமதிக்கப்பட்டது என்று பார்த்து அதற்கான மாடலையே எடுங்கள். ஒரே செட் பல அலைவரிசைப் பதிப்புகளில் வருகிறது. மைக்கை மட்டும் தனியாக வாங்கும்போது ஜாக்கைக் கவனியுங்கள். திருகிப் பூட்டும் 3.5 மி.மீ. பின் சென்ஹைசரிலும் சோனியிலும் ஒன்றுபோல் தெரியும், உள் இணைப்பு வேறு. ஷூர் 4 முனை மினி எக்ஸ்எல்ஆர் கேட்கும். மாற்று முனைகளோடு வரும் டிபிஏ போன்ற மைக்கில் போட்ட பணம், டிரான்ஸ்மிட்டர் மாறினாலும் வீணாகாது. நல்ல கேப்ஸ்யூல் பல வருடம் உழைக்கும். வயர்லெஸ் பெட்டிதான் சீக்கிரம் பழையதாகும். பெரிய தொகையைக் கேப்ஸ்யூலில் போடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

குத்தும் இடம்

மார்பெலும்பின் நடுவில், முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே. கழுத்துக்கு மிக அருகில் ஏற்றினால் முகவாயின் நிழலில் விழுந்து குரல் அடைத்துக் கேட்கும். நெஞ்சில் வைக்கும் எந்த மைக்கிலும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பகுதி குறைந்தே வரும். உச்சரிப்பின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. எடிட்டிங்கில் அங்கே 3 டெசிபல் ஏற்றி, 700 ஹெர்ட்ஸ் அருகே சற்றுக் குறைத்தால் குரல் திறந்துகொள்ளும். பேசுபவர் ஒரு பக்கம் திரும்பியே பதில் சொல்வார் என்றால், மைக்கும் அந்தப் பக்கத்துத் துணி மடிப்பில் இருக்கட்டும்.

ஓம்னி மைக்கைத் தலைகீழாகவும் குத்தலாம். ‘ப’, ‘ஃப’ ஒலிகளின் காற்று நேராக அறையாது, வியர்வையும் உள்ளே இறங்காது, ஒலியில் வித்தியாசம் தெரியாது.

துணிதான் பெரிய எதிரி. பருத்தி அமைதியானது. பட்டு, பாலியெஸ்டர், கஞ்சி போட்ட துணி எல்லாம் சரசரக்கும். மைக்கை மறைத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு துணி அடுக்குகள் அதன் மேல் ஒன்றோடொன்று நகராதபடி செய்ய வேண்டும். துணி டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு முக்கோணமாக மடித்து, மைக்கின் இருபுறமும் ஒன்றொன்று வைத்து, ஒன்றை உடம்போடும் மற்றதைச் சட்டையோடும் ஒட்டுங்கள். மைக்கின் துளையை டேப் மூடக் கூடாது. மைக்குக்குக் கீழே கேபிளில் ஒரு சிறு வளையம் விட்டு அதையும் ஒட்டிவிடுங்கள். கேபிள் இழுபடும் அதிர்வு அந்த வளையத்தில் நின்றுவிடும். சங்கிலி, தாலி, அடையாள அட்டை, தொங்கும் காதணி எல்லாம் மைக்கில் தட்டும். முதலிலேயே நகர்த்தச் சொல்லிவிடுங்கள்.

வெளியில் எடுக்கும்போது மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை பெரிய காற்றுக்குப் போதாது. ரோம உறை வேண்டும். காற்று சிக்னலை நசுக்கிவிட்டால் எந்த ஃபில்டரும் சரி செய்யாது.

இருவர் அருகருகே அமர்ந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் சற்றுத் தாமதமாக விழும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும். ஒருவரை இடதிலும் மற்றவரை வலதிலும் தனித்தனியாகப் பதிந்து, பேசாதவரின் டிராக்கை எடிட்டிங்கில் குறைத்துவிடுங்கள்.

லெவல்

ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் கேமராவின் ஆட்டோ கெயினை அணையுங்கள். பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது இரைச்சலை மேலே தூக்கும். வயர்லெஸ் ரிசீவரின் வெளியீட்டைக் கூட்டி, கேமராவின் மைக் லெவலைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறக்குங்கள்; கேமராவின் உள் பெருக்கிதான் அதிகம் இரையும். பேசுபவரைப் படப்பிடிப்பில் பேசப்போகும் அதே குரல் அளவில் பேசச் சொல்லுங்கள். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணச் சொன்னால் குரல் தாழ்ந்தே வரும். லெவல் மீட்டரில் (0 அதன் எல்லை, அதைத் தாண்டினால் ஒலி உடையும்) உச்சம் -12 டெசிபலைத் தொட்டால் சரி, சிரிப்புக்கும் உற்சாகத்துக்கும் இடம் இருக்கும்.

கையில் வந்ததும் சோதிக்க வேண்டியவை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். அமைதியான அறையில் 30 நொடி வெறுமனே பதிந்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் இருக்கலாம், ரீங்காரமோ துடிப்போ இருக்கக் கூடாது. ஒரே வாக்கியத்தை மெல்லவும் உரக்கவும் பேசுங்கள். தலையை இடமும் வலமும் திருப்பிப் பேசுங்கள். வயர்லெஸ் என்றால் கேமராவுக்கு முதுகு காட்டி நடந்து, எத்தனை அடியில் அறுகிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்தில் பாதிதான் நீங்கள் நம்பலாம். முழு சார்ஜில் இருந்து அணையும்வரை ஒருமுறை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, பதிவு ஓடும்போதே பின்னுக்கு அருகிலும் மைக் தலைக்கு அருகிலும் கேபிளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரத்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கரகரப்பு நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது.